கூரைக் கூடாரமா, ட்ரெய்லரா: மரக்காணம் உப்பளத்தில் இரண்டு இரவுகள்

காரின் கூரையில் விரிக்கிற டென்ட் வாங்கலாமா, பின்னால் இழுத்துப் போகிற ட்ரெய்லர் வாங்கலாமா என்று கேட்டு மாதம் ஐந்தாறு பேராவது எனக்கு எழுதுகிறீர்கள். இதுவரை எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லிவந்தேன்: இரண்டும் வேண்டாம், நல்ல லாட்ஜாகப் பார்த்துப் படுங்கள். இந்தப் பிப்ரவரி இரண்டாம் வாரம் அதே கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு இரவு டென்ட், ஒரு இரவு ட்ரெய்லர் என்று வாடகைக்கு எடுத்து, மரக்காணம் உப்பளத்துக்குப் போய் இரண்டையும் சோதித்துவிட்டு வந்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். என் கணவர் சேகருக்கு அறுபத்திரண்டு. இருபத்தேழு வருடங்களாக இரண்டு பேரும் காரிலேயே ஊர் சுற்றுகிறோம். ஓட்டுவது எப்போதும் நான்தான், அவருக்கு ஸ்டியரிங்கைக் கண்டாலே தூக்கம் வரும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். கை நடுக்கத்தை நாங்கள் பழகிக்கொண்டோம். பழக முடியாதது இன்னொன்று: நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுவிடுவார். மனது போ என்று சொல்லும், கால் கேட்காது. ஐந்து விநாடியும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம்.

லாட்ஜ் எங்களுக்கு ஒத்துவராமல் போனது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு ஊரிலும் வேறு கட்டில், வேறு வாசற்படி, வழுக்குகிற வேறு குளியலறை. காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் கையிலுள்ள ஸ்பூனை நான்கு மேசைக்காரர்கள் பார்ப்பார்கள். எங்கே போனாலும் அதே படுக்கை, அதே விளக்கு, கை எட்டும் இடத்தில் அதே பிடி இருந்தால் நன்றாயிருக்கும் என்று நான்தான் முதலில் சொன்னேன். நான் மனதில் வைத்திருந்தது ட்ரெய்லர். அவர் அதற்கு ‘ஆஸ்பத்திரி வண்டி’ என்று பெயர் வைத்துவிட்டு, டென்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

ஏன் அந்தப் பிடிவாதம் என்று கடப்பாக்கத்தில் டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. வேளச்சேரியிலிருந்து பகல் ஒரு மணிக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்றே காலுக்கு அங்கே நின்றோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த டென்ட் ஏணியில ஏற முடிஞ்சா உன்கூடத் தொடர்ந்து வர்றேன் உமா. முடியலைன்னா இதோட நிறுத்திக்கிறேன். நீ உன் ஃப்ரெண்ட்ஸோட போ.”

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனிதர் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டு, ஹால் டிக்கெட்டோடு வந்திருக்கிறார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருபத்தேழு வருடப் பயணத்தை ஏழு படி உள்ள ஏணியிடம் ஒப்படைக்க இவர் யார்? ஆனால் ரோட்டோர டீக்கடையில் சண்டை போடுகிற வயதைத் தாண்டிவிட்டதால், பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மரக்காணத்தில் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். உப்பளம் திறந்தவெளியாகக் கிடக்கிறதே என்று யாரும் நேராக வண்டியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் ஆள் உண்டு. எங்களுக்கு இடம் தந்தவர் ஏழுமலை, நாற்பத்தைந்து வயதிருக்கும். சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, அவரும் அவர் மனைவி செல்வியும் சேர்ந்தே வேலை பார்க்கிறார்கள். மெயின் ரோட்டிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் மண் கரையில் உள்ளே போனால், போன வருட உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்று போட்டு மூடி வைத்திருக்கும் மேடு வரும். அதன் பக்கத்தில் இரண்டு கார் நிற்கிற அளவு கெட்டித் தரை. சுற்றிலும் பாத்திகள், அதற்கப்பால் தண்ணீர், அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடலின் சத்தம் மட்டும். நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் டென்ட் பற்றி, கணக்குக் கேட்பவர்களுக்காக. வாடகை இரவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, சென்னையிலேயே கூரையில் மாட்டித் தந்தார்கள். எடை ஐம்பத்தெட்டு கிலோ. உங்கள் கார்க் கூரைக் கம்பி அவ்வளவு தாங்குமா என்று முதலில் கேளுங்கள். உறையைக் கழற்றி, ஏணியைப் பிடித்து இழுத்தால் டென்ட் தானாக விரிகிறது. எனக்கு முதல் தடவை பதினொரு நிமிடம் ஆனது. மெத்தை, காற்று, மேலிருந்து தெரிகிற காட்சி எல்லாமே அருமை, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். குறை எல்லாம் ஏணியில்தான். படி அலுமினியம், கைப்பிடி கிடையாது, கடைசிப் படியில் உடம்பை முன்னால் சாய்த்து உள்ளே தவழ வேண்டும்.

டென்ட்டை விரிப்பதற்கு முன்பே காரில் போய்க் கூனிமேட்டிலிருந்து பரோட்டாவும் மீன் குழம்பும் வாங்கிவந்திருந்தேன். போய்வர இருபது கிலோமீட்டர், இருவருக்கும் இருநூற்று எண்பது ரூபாய், குழம்புக்காகவே இன்னொரு முறை போகலாம். சாப்பிட்டு முடித்ததும், வெளிச்சம் முழுக்கப் போவதற்குள் சேகர் ஏணியடிக்குப் போனார். நான் பின்னால் நின்றேன். “பின்னாடி நிக்காதே” என்றார். தள்ளி நின்றேன். ஏழு படிக்கு ஒன்பது நிமிடம். மேலே போய்த் தலையை வெளியே நீட்டி, கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத ஒரு சிரிப்பு சிரித்தார். என் வயிற்றில் அப்போதுதான் பால் வார்த்தது போலிருந்தது.

பரீட்சையில் பாதிதான் அது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். காலை ஐந்தே முக்காலுக்கு அவர் இறங்கப் பார்த்தார். காலையில் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆனால்தான் அவர் உடம்பு அவர் சொல்படி கேட்கும். அந்த மாத்திரை டப்பாவை நான் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டு மேலே ஏறியிருந்தேன். என்னைத்தான் சொல்ல வேண்டும். திரும்பி உட்கார்ந்து இரண்டு காலையும் முதல் படியில் வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் நானும் இறங்க முடியாது. அவர் முதுகுப் பனியனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே, வெளியில் அவர். பரபரப்பாக எதுவுமே நடக்கவில்லை. நாங்கள் அசையாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

ஏழுமலையும் செல்வியும் மொபெட்டில் வேலைக்கு வந்தார்கள். ஏழுமலை ஓடிவந்து தூக்கி இறக்கட்டுமா என்று கேட்டார். செல்வி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏணியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“ஏன்ணா இப்ப எறங்கணும்? அங்கயே சாஞ்சி உக்காருங்க. டீ மேல வரும்.”

காரில் மாத்திரை இருக்கிறது என்று உள்ளேயிருந்து கத்தினேன். செல்வி டப்பாவையும், அவர்கள் தூக்கில் கொண்டுவந்த டீயையும் மூன்றாவது படி வரை ஏறி நீட்டினார். சேகர் பின்பக்கம் சாய்ந்து கூடார வாசலிலேயே உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மாத்திரை போட்டு டீ குடித்தார். கீழே அவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆறே முக்காலுக்குத் தானாகவே இறங்கினார். இறங்கியதும் ஏணியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்று காலை முழுக்க என்னோடு பேசியது நான்கு வாக்கியம் இருக்கும். நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லாமல் விட்டதுதான் இன்னும் வலித்தது.

இனி ட்ரெய்லர். வாடகைக்குக் கொடுப்பவர் புதுச்சேரிக்காரர். இரவுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, மரக்காணம் வரை கொண்டுவந்து கொடுக்க ஆயிரத்து ஐந்நூறு தனி. காருக்குப் பின்னால் இழுவைக் கொக்கியைச் சென்னையிலேயே பதினாலாயிரத்துக்குப் போட்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு மெயின் ரோட்டில் வைத்து மாட்டித் தந்தார். எடை அறுநூற்று எண்பது கிலோ, பெரிய பட்டன் டயர், நிறம் ராணுவப் பச்சை. உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், படுக்கை முழங்கால் உயரம்தான், வாசலில் ஒரே ஒரு படி. பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் தொட்டியும். இருபது நிமிடம் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, “இது எங்க வேணா போகும் மேடம், பயப்படாம ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு அவர் தன் காரில் கிளம்பிவிட்டார்.

முன்னால் போவதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாலில் ஒரு யானைக்குட்டி தொற்றிக்கொண்டு வருவது போலிருக்கும், அவ்வளவுதான். உப்பு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும்தான் ஒன்று உறைத்தது: மறுநாள் வெளியே வர வேண்டுமென்றால் இதைத் திருப்ப வேண்டும், அல்லது அவ்வளவு தூரமும் பின்னாலேயே வர வேண்டும். இப்போதே திருப்பி நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு பாத்தி தண்ணீர் இல்லாமல், வெள்ளை பூத்து, கிரிக்கெட் பிட்ச் போலத் தட்டையாகக் கிடந்தது. வண்டியின் பின்புறத்தை அதில் இரண்டடி விட்டு ஒடித்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

நான் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் சேகர் இறங்கிப் பின்னால் போய் நிற்பார். “வரலாம், வரலாம், லேசா லெஃப்ட்டு, நில்லு.” கடைசியில் டிக்கியில் இரண்டு தட்டு. வால்பாறை வளைவிலிருந்து எங்கள் அபார்ட்மென்ட் தூண்கள் வரை இருபத்தேழு வருடமும் அப்படித்தான். அன்றும் அவர் கதவில் கைவைத்து, “இறங்கட்டுமா?” என்று கேட்டார். காலையில் அவ்வளவு பட்டிருக்கிறார், வெயில் வேறு, நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று எல்லாம் ஒரு விநாடியில் ஓடி, “வேணாம், கேமரா இருக்கு, நீங்க உக்காருங்க” என்று சொல்லிவிட்டேன்.

கேமராவில் ட்ரெய்லரின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காரை ஒரு பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் மறுபக்கம் போகும் என்று அந்த ஆள் சொன்னதும் அந்த நேரத்தில் மறந்துபோனது. இரண்டடிக்குப் பதில் ட்ரெய்லர் முழுசாகப் பாத்திக்குள் இறங்கியது. மேலே காய்ந்த அப்பளம் போலிருந்த வெள்ளைக்குக் கீழே ஈரக் களிமண். இடது சக்கரம் அச்சு வரை புதைந்து நின்றது.

ஏழுமலை வரப்பின் மேல் ஓடிவந்தார். அவர் ட்ரெய்லரைப் பார்க்கவில்லை, பாத்தியைத்தான் பார்த்தார். அது சும்மா கிடந்த பாத்தி அல்ல என்பதை அப்போதுதான் சொன்னார்கள். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் சேற்றை வழித்து, அடிக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை சிமெண்ட் மாதிரி ஆனால்தான் உப்புத் தண்ணீரைத் தேக்க முடியும். இல்லாவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், வருகிற உப்பிலும் மண் கலக்கும். இந்தப் பாத்தியை இரண்டு பேரும் பதினெட்டு நாளாக மிதித்திருக்கிறார்கள். நாளை மறுநாள் தண்ணீர் கட்டுவதாக இருந்தார்கள். உப்பு வாரும்போதுகூடப் பாத்திக்குள் கால் வைக்காமல், வரப்பில் நின்றே நீளக் கழியில் மாட்டிய பலகையால் இழுத்து ஒதுக்குகிறவர்கள் அவர்கள். அந்தத் தரையில் நான் ஒரு வண்டியை இறக்கியிருக்கிறேன்.

பக்கத்துப் பாத்திக்காரர்கள் இரண்டு பேர் வந்து, கொக்கியைக் கழற்றி, பலகை போட்டு, ஒரு மணி நேரத்தில் ட்ரெய்லரை வெளியே இழுத்தார்கள். உள்ளே மூன்று முழ நீளத்துக்கு இரண்டு பள்ளம். என் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. எவ்வளவு என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஏழுமலை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“காசு இருக்கட்டுங்க. காசு வந்து மிதிக்குமா? ஈரம் காயறதுக்குள்ள மிதிச்சாவணும். எங்களுக்கு இப்ப காலு தான் வேணும்.”

நான் வருகிறேன் என்று சொல்வதற்குள் சேகர் பேன்ட்டை முழங்கால் வரை மடிக்க ஆரம்பித்துவிட்டார். நடுங்குகிற கையால் மடிப்பு நிற்கவில்லை, திரும்பத் திரும்ப மடித்தார். நான் ஏழுமலையிடம் மெதுவாக, இவருக்கு உடம்பு சரியில்லை, நான் மட்டும் வருகிறேன் என்றேன். சேகருக்குக் கேட்டுவிட்டது. மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

செல்வி என்னைத் தாண்டிப்போய் அவர் முன்னால் நின்றார். வழக்கமாக, அவருக்கு என்ன வேண்டும் என்று ஹோட்டல் சர்வர் என்னிடம் கேட்பார். ராத்திரி தூங்கினாரா என்று நர்ஸ் என்னிடம் கேட்பார். செல்வி அவரிடமே கேட்டார்.

“அண்ணா, உங்களால முடியுமா?”

“முடியும்னு நினைக்கிறேன்மா. நடுவுல நின்னுட்டா கொஞ்சம் காத்திருக்கணும்.”

“நில்லுங்க, என்ன இப்ப. நாங்க மட்டும் ஓடிக்கினா இருக்கோம்?”

வரப்பிலிருந்து களிமண் வெட்டிப் பள்ளத்தில் போட்டு, உப்புத் தண்ணீர் தெளித்து, மிதிக்கத் தொடங்கினோம். முறை இதுதான். நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வலது கால், ஒரே நேரத்தில் இடது கால், ஒவ்வொரு மிதியும் முந்தைய மிதியின் பாதியில் விழ வேண்டும். ஒருவர் எண்ணுவார். பத்து வந்ததும் அரை அடி தள்ளி மறுபடி ஒன்றிலிருந்து. செல்வி சேகரின் ஒரு பக்கம், ஏழுமலை மறு பக்கம், கடைசியில் நான். பத்து நிமிடத்துக்குள் வழுக்கி உட்கார்ந்தது நான்தான். புடவையோ சுடிதாரோ வேண்டாம், பழைய பேன்ட் ஒன்று எடுத்துப் போங்கள் என்று இதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேகர் நிற்கவில்லை. முதல் பத்து, இரண்டாம் பத்து, ஐந்தாம் பத்து. எண்ணிக்கைக்குக் கால் வைத்தால் கால் பூட்டிக்கொள்வது குறையும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். வீட்டு ஹாலில் நான் “லெஃப்ட், ரைட்” என்று எண்ணியபோது, எல்.கே.ஜி. பையன் மாதிரி நடத்தாதே என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டார். இங்கே அவருக்காக யாரும் எண்ணவில்லை. பாத்திக்காக எண்ணினார்கள். வரிசை திரும்புகிற இடத்தில் மட்டும் இரண்டு முறை நின்றுவிட்டார். அவர் நின்றதும் மூவரும் அதே இடத்தில் நின்றோம். அடுத்த தடவை ஏழுமலை வரிசையை வட்டமாகப் பெரிதாக வளைத்துக் கொண்டுபோனார், அதோடு அதுவும் சரியாயிற்று. அரை மணி நேரம் கழித்து எண்ணுவது சேகரின் குரலாக இருந்தது. மூன்றரைக்குத் தொடங்கி ஐந்து மணி வரை மிதித்தோம். உப்புத் தண்ணீர் காலிலுள்ள ஒவ்வொரு வெடிப்பையும் தேடிப்பிடித்து எரித்தது.

இன்றைக்கு இது போதும், காலையில் ஒரு சுற்று மிதித்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம், தண்ணீர் கட்டுவது நான்கு நாள் தள்ளிப்போகும் என்றார் ஏழுமலை. முழுசாகச் சரியாகிவிட்டது என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லவில்லை. செல்வி தேங்காய் எண்ணெய் கொடுத்து, காலைக் கழுவிவிட்டுத் தடவிக்கொள்ளச் சொன்னார்.

ட்ரெய்லரின் ஒற்றைப் படியில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து எண்ணெய் தடவினோம். சூரியன் இன்னும் இருந்தது. சேகர்தான் பேசினார்.

“காலையில ஏணியில நின்னுட்டேன்ல, அப்பகூட எனக்கு அவ்வளவு கஷ்டமா இல்ல உமா. மத்தியானம் நீ இறங்க வேணாம்னு சொன்ன பாரு, அதுதான். இறங்கியிருந்தா அது ஈரத் தரைன்னு நான் பாத்துச் சொல்லியிருப்பேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. வெயில், வெயில் என்று சொல்லிச் சொல்லி இந்த இரண்டு வருடத்தில் அவரிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டது நான்தான். பால் பாக்கெட் கீழே போய் எடுப்பது, கரண்ட் பில், மாடித் தொட்டி மோட்டார், கடைசியில் ரிவர்ஸ். எல்லாம் அன்பில்தான் செய்தேன். செய்யச் செய்ய அவருக்கு வீட்டில் உட்காருவதைத் தவிர வேலையில்லாமல் போனது. பிறகு அவர் ஏணியில் போய்த் தன்னை நிரூபிக்கப் பார்த்ததில் என்ன ஆச்சரியம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எண்ணெய்க் கையோடு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், மறுநாள் தலைக்குக் குளிக்க வேண்டியதாயிற்று.

அன்றிரவு இருவரும் நன்றாகத் தூங்கினோம். ஐந்தரைக்கு எழுந்து, தலைமாட்டிலிருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்து காத்திருந்தார். ஆறரையிலிருந்து எட்டு வரை மறுபடி மிதித்தோம். ஏழுமலையிடம் மறுபடி பணம் நீட்டினேன், மறுபடி வேண்டாம் என்றார். போன வருட உப்பில் பத்துக் கிலோ விலைக்குக் கேட்டேன், அதை மட்டும் கொடுத்தார்.

வெளியே வருவதற்குத் திருப்ப இடமில்லை. இனி எந்தப் பாத்தியையும் தொடப்போவதில்லை. ஏழுமலை காட்டிய, இரண்டு கரை சந்திக்கிற அகலமான இடம் வரை, ஏறத்தாழ அறுபது மீட்டர், பின்னாலேயேதான் வர வேண்டும். கரையின் அகலம் ஒன்பதடி, ட்ரெய்லர் ஆறரை அடி. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, “ஏங்க, கொஞ்சம் இறங்கிப் பாக்கறீங்களா?” என்று கேட்டேன். அதற்கு முன்பே கதவு திறந்த சத்தம் கேட்டது.

பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். வலது கை மேலே, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. “வரலாம், வரலாம்.” பின்னோக்கி நடந்தால் அவருக்கு ஆகாது என்பதால் பத்தடி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். மூன்று தடவை கரையின் நடுவில் கால் பூட்டிக்கொண்டது. நான் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன். ஹார்ன் அடிக்கவில்லை, இறங்கி ஓடவில்லை. ஒரு தடவை நான்கு நிமிடம். அந்தப் பக்கம் மொபெட்டில் வந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் நின்றார். அறுபது மீட்டருக்கு முப்பத்தொரு நிமிடம் ஆனது. ஒரு சக்கரமும் கரையைவிட்டு இறங்கவில்லை. கடைசியில் ட்ரெய்லரின் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“இதையே வாங்கு. ஆனா நான் பின்னாடி இல்லாம ரிவர்ஸ் எடுக்காதே.”

வாங்குவதாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. ஏணி ஏற முழங்காலும் இடுப்பும் சம்மதிக்கிறவர்கள், தினம் ஓர் ஊர் மாறுகிறவர்கள், நிறுத்த இடம் குறைவாக உள்ளவர்கள் டென்ட் வாங்குங்கள். நான் விசாரித்தவரை எண்பத்தைந்தாயிரத்திலிருந்து தொடங்குகிறது. மாத்திரை, டார்ச், தண்ணீர் மூன்றும் மேலே உங்களோடு இருக்கட்டும். இறங்குவதையும் பகலிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். ட்ரெய்லர் ஆறு லட்சத்துக்குக் குறைந்து நல்லதாக நான் பார்க்கவில்லை. பதிவு எண் உண்டா, உங்கள் காரால் அந்த எடையை இழுக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அபார்ட்மென்டில் நிறுத்த அனுமதி வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். மரக்காணத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பாத்தியில் உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் சக்கரமோ காலோ வைக்காதீர்கள், யாரோ மிதித்து வைத்த தரை அது. குடிதண்ணீர் ஆளுக்கு எட்டு லிட்டர் கொண்டுபோங்கள், உள்ளே ஒரு சொட்டு கிடைக்காது.

ஒன்று மட்டும் எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். டென்ட்டைத் தனியாளாகவே கொண்டுபோய் விரித்துப் படுத்துவிட்டு வந்துவிடலாம். ட்ரெய்லரை அப்படி முடியாது. பின்னால் நின்று “வரலாம்” என்று சொல்ல ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கு இருக்கிறார்.